ஏரியில் ஏது கடல் மைல்?

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஏரித்தரையின் படங்களை ஒரு மென்பொருள் பார்க்கிறது. சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் தானே அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போடுகிறது. அது மூழ்கிய கப்பலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றும் பக்கத்தில் எழுதிவிடுகிறது. இதை எனக்குப் போனில் சொன்னவர் கார்த்திக். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர்.

"ஆன்டி, நீங்க ஒரு வாரம் உக்காந்து பாக்கறத இது நான் காபி குடிக்கிறதுக்குள்ள பாத்து முடிச்சிடுது."

"நல்லதுதானே. எந்த எடத்துல தேடணும்னு அதுவே சொல்லுதா?"

"அது நாமதான் குடுக்கணும்."

"அப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கு."

"அதைத்தான் எழுதுங்கன்றேன். ரிப்போர்ட் மாதிரி வேணாம். தமிழ்லயே, தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுங்க. டீம்ல புதுசா மூணு தமிழ் பசங்க வந்திருக்காங்க, அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்றேன்."

எழுதுகிறேன். ஆனால் ஒரு குறை இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேதி பார்த்து எழுதுகிற ஆள். ஒரு வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கங்களில் இருக்கும் காலவரிசையைப் படித்துவிட்டுத்தான் முன்னுரைக்கு வருவேன். அப்படிப்பட்ட நான் இந்தக் கட்டுரையில் கப்பலின் பெயரையும், அது மூழ்கிய ஆண்டையும், வடக்கே இருக்கும் ஐந்து பெரிய ஏரிகளில் அது எது என்பதையும் சொல்லப்போவதில்லை. இவற்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்து, படகை எடுத்துக்கொண்டு போய் நங்கூரத்தைக் கழற்றி வந்து வீட்டு வாசலில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாநிலத் தொல்லியல்காரர்கள் அளந்து முடிக்கும்வரை இடத்தை வெளியே விடுவதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் மதிக்கும் வழக்கம். தேதி இல்லாமல் எழுதுவது எனக்கு உப்பில்லாமல் சாப்பிடுவது போலத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளமானது இல்லை. கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்தேன், கோவையில் பொறியியல் படித்தேன். கல்யாணமாகி டாலஸுக்குப் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனுக்கு வந்தேன். என் கணவர் சுந்தருக்கு இங்கே டெலிகாம் வேலை. டிபெண்டன்ட் விசாவில் சும்மா இருந்த காலத்தில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்தேன். எண்ணெய் தேடும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. பூமிக்குள் அதிர்வை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கணக்கிட்டுப் படமாக்க வேண்டும். எண்ணெய் விலை விழுந்த ஒரு வருஷம் எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அதே கணக்குதான், பூமிக்குப் பதில் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு இந்தச் சிறிய கடலாய்வு நிறுவனத்துக்கு வந்தேன். மெக்சிகோ வளைகுடாவில் குழாய் பதிப்பதற்கு முன்பு கடலடியைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் இவர்களின் முக்கியமான தொழில்.

வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படகுக்குப் பின்னால் நீண்ட கேபிளில் ஒரு கருவியை இழுத்துச் செல்வார்கள். ஆளுயர ராக்கெட் மாதிரி இருக்கும். எல்லோரும் அதை மீன் என்றுதான் சொல்வோம். மீன் இரண்டு பக்கமும் ஒலியை வீசும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு நீளமான பட்டையாகப் பதிவாகும். வயலில் ஏர் ஓட்டுவது போலப் படகு போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையின் மேல் ஏறும்படி முழுப் பரப்பையும் மூடும். படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் மூலம் தெரியும். மீனோ படகுக்கு வெகு பின்னால் ஆழத்தில் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கழிக்காவிட்டால் எல்லாமே தவறான இடத்தில் விழும். கழிப்பதும், பட்டைகளைச் சேர்த்து ஒட்டுவதும், ஒட்டியதில் மண்ணைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ரிச்சர்ட்சனில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் கடலடியைப் பார்த்திருக்கிறேன். படகில் போனதே இல்லை. எனக்குக் குமட்டும்.

என் மேலாளர் வாரன். கடற்படையில் வரைபடப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். நல்ல உயரம். எங்கள் அறைக்குள் வந்தால் உட்கார மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். என்னை விஜி என்று கூப்பிட அவருக்கு வரவே இல்லை. கடைசிவரை 'வீஜே'தான். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொன்னால், அந்தப் பதிலைப் பார்த்து மறுபடியும் அதையே கேட்பார். மூன்றாவது தடவைக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது வெளியே வந்துவிடும். கண்டுபிடித்துவிட்டோம் என்ற வார்த்தையை அவர் அறைக்குள் யாரும் சொல்லக் கூடாது. "மண்ணில்லாத ஒன்று இருக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். அது என்ன என்று சொல்வதற்கு முன்னால், என்னென்ன இல்லை என்று மூன்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். பொருளைப் பார்க்காதே, நிழலைப் பார். தரையிலிருந்து எழும்பி நிற்கும் எதுவும் ஒலியை மறைக்கும். அதற்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல் விழும். பொருள் வெறும் வெளிச்சப் புள்ளியாக இருந்தாலும், நிழல் அதன் உயரத்தையும் வடிவத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கோவிட் அடங்கிய பிறகு எங்களுக்கு ஏரி வேலை ஒன்று வந்தது. ஏரிக்கு அடியில் மின்கேபிள் போடும் பாதையைப் படமெடுக்க வேண்டும். வளைகுடாவை விட்டு எங்கள் நிறுவனம் நன்னீருக்குப் போனது அதுவே முதல் தடவை. படகில் கார்த்திக் இருந்தார். அறையில் நானும் வாரனும். பாதை வேலை சீக்கிரம் முடிந்து படகுக்குச் சில நாட்கள் மிச்சமிருந்தன. கரையோரச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றுக் கழகத்துக்கு அது எப்படியோ தெரிந்து, வாரனைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சார்பில் வீடியோவில் வந்தவர் மார்ஜரி. எண்பதைத் தாண்டியவர், முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தது இப்படி:

"ஒரு கோதுமைக் கப்பல். ரெண்டு பாய்மரம். நவம்பர் புயல்ல போயிடுச்சு. கேப்டன் அதோட போயிட்டாரு. படகுல தப்பிச்சு வந்தது துணைக் கேப்டனும் ரெண்டு மாலுமியும். மாலுமிங்க ரெண்டு பேரும் குளிர்ல செத்துட்டாங்க. மிச்சமிருந்த ஒரே ஆள் துணைக் கேப்டன். அவர் எங்க தாத்தா."

துணைக் கேப்டன் கரையேறி என்ன சொன்னார் என்பது அன்றைய செய்தித்தாள்களில் இருக்கிறது. கலங்கரை விளக்கம் இருக்கும் முனையிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளிக் கப்பல் மூழ்கியது. கேப்டன்தான் எங்களைப் படகில் ஏறச் சொன்னார் என்றார். ஊர் நம்பவில்லை. அந்தப் புயலில் பன்னிரண்டு மைல் துடுப்புப் போட்டு ஒருவன் வர முடியுமா? கப்பல் கரைக்கு அருகில்தான் இருந்திருக்கும். கேப்டனைக் காப்பாற்ற நேரம் இருந்தும் இவன் படகை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று பேசினார்கள். போதாததற்கு, காப்பீட்டு விசாரணை முடிந்து கிழக்குக் கடற்கரைத் துறைமுக நகரத்துப் பத்திரிகையில் வந்த செய்தியில் தூரம் பத்தரை மைல் என்றிருந்தது. முதலில் பன்னிரண்டு, அப்புறம் பத்தரை. அவரை அதன்பின் யாரும் கப்பலில் சேர்க்கவில்லை. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்துச் செத்தார்.

"எங்க ஊர்ல யாராவது கதை விட்டா 'பத்தரையா, பன்னிரண்டா?'ன்னு கேப்பாங்க," என்றார் மார்ஜரி. "இப்பவும் கேக்கறாங்க. எங்கேர்ந்து வந்த பேச்சுன்னுகூட சின்னவங்களுக்குத் தெரியாது. எங்கப்பா முட்டை வாங்கப் போனாக்கூட ஒரு டஜன்னுதான் சொல்வாரு. பன்னிரண்டுங்கற வார்த்தை வாயில வராது."

"அவர் சொன்ன இடத்தில் கப்பல் இல்லை என்று தெரிந்தால்?" என்று கேட்டார் வாரன்.

"அவர் பொய் சொல்லியிருந்தா பொய்யின்னு எழுதுங்க. நான் அழமாட்டேன். இழுத்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க, எனக்கு அவ்வளவு நாள் இல்ல."

எந்த இடத்தில் தேடுவது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் எல்லாச் செய்திகளையும் வெளிவந்த வரிசையில் அடுக்கினேன். ஒரு விபத்தைப் பற்றி முதலில் வந்தது எது, அதைப் பார்த்து எழுதியது எது, அதைத் திருத்தி எழுதியது எது என்று பிரித்துவிட்டால், பத்துச் செய்தி இரண்டாகச் சுருங்கிவிடும். இதிலும் சுருங்கியது. கரையேறிய மறுநாள் உள்ளூர்த் தாளில் பன்னிரண்டு. வெகு நாள் கழித்துத் தொலைதூர நகரத்துத் தாளில் பத்தரை. முன்னதையே எடுத்தேன். பத்தரையை ஏன் விடுகிறாய் என்று வாரன் மூன்று தடவை கேட்டார். நேரில் கேட்டவன் எழுதியதைத்தான் நம்ப வேண்டும், தூரத்தில் இருப்பவன் கையில் எண் மாறும் என்று மூன்று தடவையும் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

முனையிலிருந்து அவர் சொன்ன திசையில் பன்னிரண்டு மைலில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றிப் பெட்டி போட்டோம். பிழைக்கு இடம் விட்டு ஒவ்வொரு பக்கமும் இரண்டு கிலோமீட்டர். படகு அந்தப் பெட்டியை ஓர் இடம் விடாமல் ஓட்டியது. நான் ஒட்டிப் பார்த்தேன். மண். மண்ணில் பழைய பனிப்பாறைகள் உரசிப்போன கோடுகள். வேறு ஒன்றுமே இல்லை.

அறிக்கையை நான் எழுதினேன். 'கப்பல் கிடைக்கவில்லை' என்று எழுதியதை வாரன் பென்சிலால் அடித்தார். "பெட்டியை முழுக்கப் பார்த்துவிட்டோம். கிடைக்கவில்லை என்றால் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்தோம். இல்லை. அதைச் சொல்லு." நான் மாற்றினேன்: 'துணைக் கேப்டன் கூறிய இடத்தில் கப்பல் இல்லை.' திங்கட்கிழமை அது மாநில அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே கப்பலுக்கென்று இருக்கும் கோப்பில் கடைசித் தாளாகச் சேரும். அதற்குப் பிறகு அந்த ஏரியில் அவர் பேச்சை நம்பி யாரும் படகை இறக்கப்போவதில்லை.

அதே வார இறுதியில்தான் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் ஏதாவது எழுதுவேன். இந்தத் தேடலையே எழுதினேன், ஊர் பெயர் இல்லாமல். சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து சுந்தருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கே? அதை இன்னொருக்கா படி."

"'துணைக் கேப்டன் சொன்ன பன்னிரண்டு கடல் மைல் தொலைவில்...'"

"ஏரியில ஏது புள்ள கடல் மைலு?"

"அது யூனிட்டுங்க. நாட்டிகல் மைல். தமிழ்ல அப்படித்தான் எழுதறது."

"யூனிட்டு கெடக்கட்டும். படிக்கறவன் கேப்பானல்ல, ஏரிக்குள்ள எங்கிருந்து கடல் வந்துச்சுன்னு? ஏரி மைல்னு போடு."

"ஏரி மைல்னு ஒண்ணு கெடையாதுங்க. நீங்க பூண்டை உரிங்க."

"சரி, அந்தாளு கடல்காரனா, ஏரிக்காரனா?"

"ஏரிக்காரர்தான். கடலைக் கண்ணுல பாத்திருக்க மாட்டார்."

"அப்பறம் அவுருக்கு எதுக்கு கடல் மைலு?"

எழுதியிருந்ததைத் திரும்பப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அந்த உள்ளூர்ச் செய்தியை எத்தனையோ தடவை படித்திருந்தேன். அதில் வெறும் 'மைல்' என்றுதான் இருந்தது. தமிழில் எழுதியபோது எந்த மைல் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. கை தானாகக் 'கடல்' என்று போட்டுவிட்டது. எங்கள் அலுவலகத்தில் மைல் என்றால் அதுதான். வளைகுடாவில் வேலை செய்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். எங்கள் மென்பொருளிலும் மைல் என்று அடித்தால் கடல் மைலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

நாம் சாலையில் ஓட்டுகிற மைலைவிடக் கடல் மைல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதல் நீளம். மடிக்கணினியில் அந்த ஏரியின் வரைபடத்தைத் திறந்து, ஓரத்தில் இருந்த அளவுகோலைப் பெரிதாக்கினேன். சாலை மைல். அடுத்த ஏரியைத் திறந்தேன். அதுவும் சாலை மைல். ஐந்து ஏரியிலும் இன்றுவரை தண்ணீருக்கு மேல் சாலை மைலில்தான் அளக்கிறார்கள். பன்னிரண்டு சாலை மைலைக் கடல் மைலாக மாற்றிப் பார்த்தேன்.

பத்தரைக்குச் சற்றுக் குறைவு.

"என்னாச்சு? ஏன் அப்படியே உக்காந்துட்டே?" என்றார் சுந்தர்.

பூண்டை வைத்துவிட்டுக் கேட்கச் சொன்னேன். துணைக் கேப்டன் எண்ணை மாற்றவே இல்லை. ஊர்த் தாள் அவர் சொன்ன ஏரிக்கணக்கை அப்படியே போட்டது. காப்பீட்டு விசாரணை நடத்தியவர்கள் கடல் துறைமுகத்து ஆட்கள்; அவர்கள் வழக்கப்படி கடல் கணக்கில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே தூரம். நாங்களோ ஊர்த் தாளின் எண்ணையும் துறைமுகத்தின் மைலையும் சேர்த்துக் கலந்து, யாருமே சொல்லாத ஓர் இடத்தில் தேடியிருக்கிறோம்.

வாரனை வீட்டு எண்ணில் கூப்பிட்டேன்.

"அவர் எந்த மைலைச் சொன்னார், வாரன்?"

"மைல் ஒன்றுதானே, வீஜே."

"உங்களிடம் அந்த ஏரியின் காகித வரைபடம் இருக்கிறதா? அளவுகோலைப் பாருங்கள்."

காகிதம் விரியும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னது ஒரு கடற்படை வார்த்தை. அதை மலரில் போட முடியாது. அப்புறம் "எப்படித் தெரியும்?" என்றார். சொன்னேன். மறுபடி கேட்டார். சொன்னேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. "மார்ஜரியிடம் பேசுங்கள். அந்த ஊரில் மைல் என்றால் என்ன என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லாதீர்கள்," என்றார்.

"மைல்னா மைல்தான்," என்றார் மார்ஜரி. "எத்தனை மைல் இருக்கு? நான் ஓட்டின பஸ்ஸுல ஒண்ணுதான் இருந்துச்சு."

"தண்ணீரில்?"

"தண்ணியிலயும் அதேதான். ஏன் கேக்கறீங்க?"

"அறிக்கைக்கு ஒரு விவரம் வேண்டியிருந்தது."

"உங்களுக்குப் பொய் சொல்ல வரல," என்று போனை வைத்துவிட்டார்.

அறிக்கை திங்கட்கிழமை போகவில்லை. படகு அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது. அதை முடித்துக்கொண்டு துறைமுகம் திரும்பும் வழியில் ஒரு காலைப்பொழுது மட்டும் தரலாம், காற்று அடங்கியிருந்தால் என்றார்கள். முதல் பெட்டியின் கரைப்பக்க விளிம்பிலிருந்து இன்னும் கரையை நோக்கி ஒரு குறுகலான பட்டை வரைந்து கார்த்திக்குக்கு அனுப்பினேன். காற்று அடங்கியிருந்தது.

படகில் பதிவாவது எங்கள் அறைத் திரையிலும் கொஞ்சம் தாமதித்து ஓடியது. வாரன் வழக்கம்போல என் பின்னால் நின்றார். கார்த்திக் போனில் இருந்தார்.

"ஆன்டி, ஒக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லுப்பா."

"லெஃப்ட் சைடு மட்டும் பாருங்க. மண்ணு. மண்ணு. இதுவும் மண்ணு. இப்போ..."

சாம்பல் நிறத் தரையில் ஒரு சிறிய வெளிச்சக் கீற்று கீழிருந்து மேலாக ஏறியது. அதற்கு அப்பால் ஒரு கறுப்பு வடிவம். அந்தக் கறுப்பிலிருந்து இரண்டு மெல்லிய கோடுகள், ஊசி மாதிரி, பட்டையின் ஓரம் வரை நீண்டு விழுந்தன. ஏரியின் நன்னீரில் மரத்தைத் துளைக்கும் கடற்புழு இல்லை. குளிர்ந்த ஆழத்தில் மரம் அப்படியே இருக்கும் என்று படித்திருந்தேன். இரண்டு பாய்மரங்களும் நின்றுகொண்டிருந்தன.

"ஆன்டி, இது..."

"சொல்லாதே. வாரன் இங்கதான் நிக்கறார்."

"என்ன இல்லை?" என்றார் வாரன்.

பாறை இல்லை, பாறையின் நிழல் ஊசியாக நீளாது என்றேன். அடித்துவந்த மரம் இல்லை, அது ஜோடியாகச் செங்குத்தாக நிற்காது என்றார் கார்த்திக். மூன்றாவதற்கு, படகைத் திருப்பி மறுபக்கமாக ஓட்டச் சொன்னோம். கருவியின் கோளாறாக இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி வரும். திரும்பி வந்தபோது இரண்டு நிழல்களும் எதிர்த்திசையில் விழுந்தன. நீளத்தை அளந்தேன். கப்பலின் பழைய பதிவில் இருந்த நீளத்தோடு ஒத்துப்போனது.

வாரன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மண்ணில்லாத ஒன்று இருக்கிறது," என்றார்.

பிறகு மாநிலத்துக்காரர்கள் கேமரா இறக்கி, அடையாளங்களைச் சரிபார்த்து, அதே கப்பல்தான் என்று உறுதி செய்தார்கள். அறிக்கையின் முதல் பத்தியை வாரன் தானே எழுதினார். முதல் தேடல் தவறான மைலில் நடந்தது, தவறு எங்களுடையது, துணைக் கேப்டன் கூறிய இடத்தில் கப்பல் இருக்கிறது. மூன்றே வாக்கியம்.

மார்ஜரிக்குப் படத்தைத் தபாலில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. செப்டம்பரில் இருவரும் டாலஸிலிருந்து விமானம் ஏறினோம். அத்தனை நாள் தரையைப் பார்த்திருந்த நான், ஏரியின் மேற்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். மறுகரை தெரியவில்லை. அலை அடித்தது. மீன் பிடிப்பவர்கள் இருந்தார்கள். உப்பு வாசனை மட்டும் இல்லை.

மார்ஜரி தன் சமையலறையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டார். வாரன் ஒரு தாளில் இரண்டு கோடுகளை இழுத்து, இரண்டு மைல்களையும் விளக்கினார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மார்ஜரி கேட்டார்:

"அப்ப எங்க தாத்தா ஒரே பதிலைத்தான் சொல்லிட்டிருந்தாரு. கேட்டவங்கதான் வேற வேற ஆளுங்க."

"ஆமாம்."

மார்ஜரி அழவில்லை. எழுந்து போய் காபி போட்டார். நாங்கள் குடித்தோம். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கேப்டன் வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்தக் குடும்பத்தின் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று நான் தேடித் தருகிறேன் என்றேன்.

"தேட வேண்டாம். போஸ்ட் ஆபீசுக்குப் பின்னால ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். ராய்னு பேரு, கேப்டனோட கொள்ளுப்பேரன். நான் அந்தக் கடைக்குள்ள கால் வச்சதில்ல. எங்கப்பாவும் வச்சதில்ல. ஒரு பல்பு வேணும்னாலும் அடுத்த ஊருக்குப் போவோம்."

நடந்தே போனோம். கதவில் மணி அடித்தது. கல்லாவில் இருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மார்ஜரியைப் பார்த்ததும் படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டு எழுந்தார். மார்ஜரி படத்தை மேசைமேல் விரித்தார். அது என்ன என்று வாரன் சுருக்கமாகச் சொன்னார். ராய் குனிந்து பார்த்தார்.

"கேப்டன் இதுக்குள்ளதான் இருக்காரா?"

"தெரியாது. இருக்கலாம்," என்றார் வாரன்.

"எங்க தாத்தா அவரை விட்டுட்டு வந்தாரா, அவர் சொல்லி வந்தாரான்னு இந்தப் படத்துல தெரியாது," என்றார் மார்ஜரி. "தூரம் மட்டும்தான் தெரியும். தூரத்துல அவர் பொய் சொல்லல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ராய் நிமிர்ந்தார். "எங்க வீட்ல அவர் விட்டுட்டு வந்தாருன்னு யாரும் சொன்னதில்லையே. ஊர்லதான் சொன்னாங்க. கேப்டன்தான் போகச் சொல்லியிருப்பாரு, வேற யாரு சொல்லுவான்னுதான் எங்கப்பா சொல்வாரு. நீங்கதான் எங்க மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறீங்கன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம்."

வாரன் பெயின்ட் டப்பாக்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன். மார்ஜரி கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், புதிதாகக் குடிவந்த வீட்டைப் பார்ப்பது போல.

"பனி வாரற மண்வெட்டி எங்க வச்சிருக்கே?"

"மூணாவது வரிசை."

"உறுதியா இருக்குமா?"

"அடுத்த ஊர்ல நீங்க வாங்கறதைவிட உறுதி."

பனிக்கு இன்னும் நாள் இருந்தது. வெளியே நல்ல வெயில். மார்ஜரி மூன்று மண்வெட்டிகளை எடுத்து, தரையில் ஊன்றிக் கைப்பிடியை அழுத்திப் பார்த்து, திரும்ப மாட்டினார். நான்காவதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.